காத்திருக்கும் பெட்டி

அசிசி நகரின் புனித கிளாரம்மாள் தம் வாழ்வின் பல ஆண்டுகளை நோய்ப்படுக்கையில் கழித்தவர். 1252-ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் இரவில் மடத்துச் சகோதரிகள் வழிபாட்டுக்குச் சென்றுவிட, எழுந்து நடக்க இயலாத அவர் மட்டும் தம் அறையில் தனித்துக் கிடந்தார். அவ்வேளையில், தொலைவில் இருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தின் வழிபாட்டைப் படுக்கையில் இருந்தவாறே அவர் கேட்கவும் காணவும் இறைவன் அருளினார் என்று அவரது வரலாறு கூறுகின்றது. இந்நிகழ்ச்சியை முன்னிட்டே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-ஆம் ஆண்டில் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை தேர்ந்தெடுத்தவர் பேச்சாளரோ கலைஞரோ அல்லர். வீட்டில் தனித்து விடப்பட்ட ஒரு நோயாளி. வாசகர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில், நாம் இங்கே எழுதப்போவது ஒரு சிறு மின்னணுப் பெட்டியைப் பற்றி. ஆயினும் அதனைப் பற்றி நமக்குக் கற்பித்தவர் படுக்கையில் இருந்த நம் தாயாரே.

நேரத்துக்கு அடிமை

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்த காலம் அது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம் என்றால் அவ்வீட்டுத் திண்ணையும் கூடமும் நிரம்பி வழியும். அந்த வேளையில் குடும்ப செபமாலை தள்ளிவைக்கப்பட்டதை முதியவர்கள் அறிவார்கள். பின்னர் 'டெக்' வந்தது. வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோம். 1993-இல் தனியார் தமிழ் ஒளிபரப்பு வந்தது. அதன்பின் மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வீட்டின் கடிகாரத்தைத் தொடர்கதைகள் தம் கையில் எடுத்துக்கொண்டன.

நம் தாம்பரத்து வாழ்வோ வேறொரு கடிகாரத்தில் ஓடுவது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கிய நாள் முதல், இவ்வூர் போவோரும் வருவோருமாக வாழும் ஊர். 1984-இல் ஏற்றுமதி மண்டலம் வந்தபின் 'ஷிப்டு' வேலை இங்கு இயல்பாயிற்று. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரவுப்பணி செய்யும் தந்தை, பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் செல்லும் மகள், அதிகாலையில் குரோம்பேட்டை மருத்துவமனைக்குப் புறப்படும் தாய் என ஒரே வீட்டில் மூன்று கடிகாரங்கள். ஒளிபரப்பாளர் குறித்த நேரத்தில் இவர்கள் அனைவரும் ஒன்றாக அமர்வது எங்ஙனம்?

ஒளிபரப்பைப் பதிவுசெய்து, நமக்கு ஓய்வுள்ள வேளையில் காண்பதே இதற்கு வழி. அதனைத் தானே செய்யும் ஓர் ஏற்பாட்டைத்தான் இன்று பலர் தங்கள் வீட்டு அலமாரியில் அமைத்துக்கொள்கிறார்கள். 'வீட்டுப் பதிவு சர்வர்' என்பது அதன் பெயர்.

உள்ளங்கைக் கணினி

இதன் உயிர்நாடி ஒற்றைப் பலகைக் கணினி. ஒரே மின்பலகையில் முழுக் கணினியும் அடங்கியிருப்பதால் அதற்கு அப்பெயர். அவற்றுள் பெயர்பெற்றது 'ராஸ்பெர்ரி பை'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளிச் சிறுவர்கள் குறைந்த செலவில் கணினி கற்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை 35 டாலர். நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். நம் செபப்புத்தகத்தின் அட்டையைவிடச் சிறியது. ஏழைச் சிறுவனுக்கென்று செய்யப்பட்ட பொருள் இன்று உலகெங்கும் நூறு வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று இது.

வேலை நடக்கும் முறையை எளிதாகச் சொல்கிறோம். மாடியில் உள்ள டிஷ் வானிலிருந்து வரும் அலையை வாங்குகிறது. அது கேபிள் வழியே வீட்டுக்குள் வந்து, 'டியூனர்' என்னும் சிறு கருவியில் நுழைகிறது. டியூனர் நாம் கேட்ட ஒளிபரப்பைப் பிரித்தெடுத்துக் கணினியிடம் கொடுக்கிறது. கணினியில் உள்ள மென்பொருள், குறித்த நேரத்தில் அதனை ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியோ கைப்பேசியோ வைஃபை வழியே அதனைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. பதிவுக்கென உள்ள மென்பொருள்களில் 'டிவிஹெட்எண்ட்' என்பதைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பார்ப்பதற்கு 'கோடி' என்னும் செயலி போதும், அதுவும் இலவசமே.

எந்த ஒளிபரப்பைப் பதியலாம்? மாதச் சந்தா வாங்கும் டிஷ், கேபிள் நிறுவனங்களின் ஒளிபரப்புகள் பூட்டப்பட்டு வருகின்றன. அவர்களுடைய செட்டாப் பாக்ஸ்தான் அதனைத் திறக்கும். அப்பூட்டை உடைக்க முயல்வது சட்டத்துக்கும் நேர்மைக்கும் புறம்பானது. ஆனால் பூட்டில்லாத ஒளிபரப்புகளும் உள்ளன. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டிஷ் சேவை, 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என்னும் பெயரில் இன்றும் வருகின்றது. பழைய 'பொதிகை', 2024 ஜனவரி முதல் 'டி.டி. தமிழ்' என்னும் பெயரில் இச்சேவையில் கிடைக்கின்றது.

இச்சேவையைச் சுமந்து நிற்பது ஜிசாட்-15 செயற்கைக்கோள். 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட அது, கிழக்கு 93.5 பாகைத் தீர்க்கரேகைக்கு நேர்மேலே, பூமத்தியரேகையின்மீது நிற்கின்றது. தாம்பரத்து மொட்டைமாடியில் நின்று பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், அடிவானிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். அதாவது, தலைக்குமேல் சற்றே சாய்ந்து. ஆகவே பக்கத்து வீட்டுச் சுவரும் தென்னை மரமும் பெரும்பாலும் மறைக்கமாட்டா.

கணக்கும் செலவும்

தொலைக்காட்சிப் படம் சாதாரணத் தரத்தில் நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் வருவதாகக் கொண்டால், ஒரு மணி நேரப் பதிவுக்கு 1.35 ஜிகாபைட் இடம் வேண்டும். 1 டெராபைட் டிஸ்க்கில் எழுநூறு மணி நேரத்துக்குமேல் கொள்ளும். பழைய வீடியோ கேசட்டில் கொண்டது மூன்று மணி நேரம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மின்செலவும் மிகுதி அன்று. கணினி, டியூனர், டிஸ்க் யாவும் சேர்ந்து 15 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், இரவு பகல் இயங்கினால் மாதத்துக்குப் 11 யூனிட் அளவில்தான் வரும்.

ஒரு டியூனர் ஒரு வேளையில் ஓர் அலைவரிசைத் தொகுப்பையே பிடிக்கும். அத்தொகுப்புக்குள் உள்ள பல ஒளிபரப்புகளை ஒருங்கே பதியலாம். வேறு தொகுப்பில் உள்ளது வேண்டுமானால் இன்னொரு டியூனர் தேவை. சிந்தாதிரிப்பேட்டையை அடுத்த ரிச்சி தெருவுக்கோ வேறு கடைக்கோ செல்பவர்கள், அந்த டியூனர் 'லினக்ஸ்' முறையில் இயங்குமா என்று முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைக் கேளாமல் வாங்கி, இருமுறை இரயில் ஏறியவர்களுள் நாமும் ஒருவர்.

மழையும் மின்வெட்டும்

நம் ஊருக்கென்றே உள்ள இடர்கள் சில உண்டு. 2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை தாம்பரத்தில் பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. திருமண ஆல்பங்களும், பிள்ளைகளின் புதுநன்மை நாளைப் பதித்த கேசட்டுகளும் சேற்றோடு சேர்ந்து போன வீடுகள் எத்தனையோ! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் புறநகர்களை நீரில் ஆழ்த்தியது. ஆகவே பெட்டியைத் தரையில் வைக்கலாகாது. மேல்தட்டில் வைக்க வேண்டும். விலைமதிப்பற்ற குடும்பப் படங்களின் ஒரு பிரதியை வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பது இன்னும் நல்லது.

கனமழையில் செயற்கைக்கோள் அலையே தளர்ந்துவிடும். அப்போது பதிவு கட்டம் கட்டமாக உடையும். இதற்கு மருந்தில்லை, டிஷ்ஷை நன்றாகச் சரிசெய்து வைத்தால் ஓரளவு தாங்கும். திடீர் மின்வெட்டு டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பதைக் கெடுக்கக்கூடும். வீட்டு இன்வெர்ட்டரோடு இணைத்தல் அவசியம். பதிவுகளைக் கணினியின் சிறு மெமரி கார்டில் எழுதவே கூடாது. ஓயாத எழுத்தால் அது விரைவில் தேய்ந்துவிடும். கத்திரி வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைத்தால், வெப்பம் 80 பாகை செல்சியஸை எட்டும்போது கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றோட்டம் வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றி நாம் கற்றது ஒரு வருத்தத்தின் வழியாக. இக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில், மின்சாரம் போனபின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் இணையத்திடம் மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஒரு டிசம்பரில், கிறிஸ்மஸ் இரவுத் திருப்பலி ஒளிபரப்பைப் பதியக் குறித்து வைத்திருந்தோம். அன்று மாலை மின்சாரம் போயிற்று, இன்வெர்ட்டரும் தீர்ந்தது. மூன்று மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது, இணையம் வரவில்லை. பெட்டி, தான் நின்ற நிமிடத்திலிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டது. விடிந்து பார்த்தால், திருப்பலி இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ விளம்பரம்! நாணயம் போன்ற மின்கலத்தோடு கூடிய சிறு கடிகாரப் பலகை ஒன்றைப் பொருத்தியபின் அக்குறை தீர்ந்தது.

உரோமை வழிபாடுகளைப் பதிய விரும்புவோர் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். குளிர்காலத்தில் உரோமையைவிட நம் கடிகாரம் நாலரை மணி நேரம் முந்தியது. மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர்க் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரமே முந்தியது. அங்கு நண்பகலில் திருத்தந்தை வழங்கும் ஆசீர் கிறிஸ்மஸ் அன்று நமக்கு மாலை 4.30 மணி, பெரும்பாலான ஆண்டுகளின் பாஸ்கா ஞாயிறன்று 3.30 மணி. எந்த நிகழ்ச்சியானாலும் ஐந்து நிமிடம் முன்னும் பத்து நிமிடம் பின்னும் சேர்த்துக் குறித்தால் தலையும் வாலும் அறுபடாது.

சட்டமும் மனச்சான்றும்

பிறர் ஒளிபரப்பைப் பதிவது திருட்டாகாதா என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. 1984-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பின்னர்ப் பார்ப்பதற்காக ஒருவர் தம் வீட்டில் பதிந்துகொள்வது குற்றமன்று என்று ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், பதிபவரின் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒளிபரப்பைப் பதிவதை அதன் 39-ஆம் பிரிவில் விலக்கி வைத்துள்ளது. சொந்தப் பயன்பாடு என்பதே அதன் எல்லை. அன்பியக் குழுவின் வாட்ஸ்அப்பில் பரப்புவதும், பங்கு மண்டபத்தில் நுழைவுச்சீட்டு வைத்துக் காட்டுவதும் அவ்வெல்லையைத் தாண்டியவை.

திருப்பலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நலமாக உள்ளவர் ஞாயிறன்று ஆலயம் செல்லும் கடமையைத் திரையின்முன் தீர்த்துக்கொள்ள இயலாது. நோயுற்றோரையும் குழந்தைகளைப் பேணுவோரையும் போன்று தக்க காரணம் உடையோருக்கு அக்கடமையிலிருந்து விலக்கு உண்டு. அத்தகையோர் தனியாகவோ குடும்பமாகவோ போதிய நேரம் செபத்தில் செலவிட வேண்டுமெனத் திருச்சபைச் சட்டம் 1248 பரிந்துரைக்கின்றது. அவர்களுக்கு நேரடி ஒளிபரப்பும், அது தவறினால் பதிவும், செபத்துக்குத் துணை. நற்கருணையை எந்தப் பெட்டியும் கொண்டுவராது. அதற்குப் பங்குத்தந்தையிடம் சொல்லி வைக்க வேண்டும்.

தாயார் சொன்னது

இனி நம் கதை. நம் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். இடுப்பு எலும்பு முறிந்தபின் படுக்கையே அவருக்கு உலகம். காலைத் திருப்பலி ஒளிபரப்பாகும் வேளையில் பெரும்பாலும் மருந்தின் மயக்கத்தில் இருப்பார். அவருக்காகவே இப்பெட்டியை அமைத்தோம். இரண்டு மாதம் ஞாயிறுதோறும் கம்பியும் கணினியுமாகக் கழிந்தது. வேலை முடிந்த அன்று, "அம்மா, இனி பூசை உங்களுக்காகக் காத்திருக்கும். எப்போது விழித்தாலும் பார்க்கலாம்" என்று பெருமையோடு சொன்னோம்.

அவர் பார்த்தார். நாமோ அடுத்த அறையில் இரண்டாவது டியூனரைப் பொருத்துவதிலும், பழைய திரைப்படங்களைச் சேர்ப்பதிலும் முனைந்திருந்தோம். டிஸ்க்கில் முந்நூறு மணி நேரம் சேர்ந்துவிட்டது. அதில் முப்பது மணி நேரத்தைக்கூட எவரும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு மாலை தாயாரின் அறைக்குள் சென்றபோது, திரை அணைந்திருந்தது. கருவி பழுதோ என்று பதறினோம்.

"பழுதில்லப்பா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார். "எனக்காகப் பூசை காத்திருக்கும்னு நீதானே சொன்ன? அது காத்திருக்கட்டும். நீ வேலையெல்லாம் முடிச்சுட்டு வா. ரெண்டு பேருமா பாப்போம்."

அச்சொல் நம்மைச் சுட்டது. கிறிஸ்மஸ் பதிவு தவறியபோது வருந்தினோமே, அப்போதும் அவருக்குப் பெரிய இழப்பு ஒளிபரப்பு அன்று; துணை. புனித கிளாரம்மாளின் அறையில் இறைவன் அருளிய காட்சி, தனித்துக் கிடந்த ஒருவருக்குக் கிடைத்த ஆறுதல். நாமோ கருவியைக் கொடுத்து, தனிமையை அப்படியே விட்டுவைத்திருந்தோம். மார்த்தாள் பல அலுவல்களில் பரபரப்பாக இருந்த கதையை எத்தனையோ முறை கேட்டிருந்தும், அது நம்மைப் பற்றியது என்று அன்றுதான் உணர்ந்தோம்.

அன்றுமுதல் இரவு எட்டு மணிக்குக் குடும்பம் அவர் அறையில் கூடுகிறது. முதலில் செபமாலை. பிறகு பதிவில் உள்ளது ஏதேனும் ஒன்று. தொடர்கதை ஓடும் வேளைதான் அது. ஆனால் அது நமக்காகக் காத்திருக்கும் என்பதால் எவரும் முணுமுணுப்பதில்லை. இரவுப்பணி உள்ள நாளில், பணி முடிந்து வந்தபின் காலையில் அமர்கிறோம். பெட்டியின் முழுப்பயனும் இதுவே: நேரத்தை அது நமக்குத் திருப்பித் தந்தது. அந்நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்வது நம் கையில்.

இல்லங்களுக்குச் சில யோசனைகள்

இப்பெட்டியை அமைக்க விரும்பும் குடும்பங்களுக்கு நம் அனுபவத்திலிருந்து சில சொற்கள்.

முதலாவது, பதிவதற்கு முன் குடும்பம் கூடி முடிவுசெய்யட்டும். தேர்ந்து காண்பதும், அளவோடு காண்பதும், வீட்டுக்குள் வருவதைப் பெற்றோர் கவனிப்பதும் கடமை என 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பில் அறிவுறுத்தியது. வாரத்துக்கு ஒருமுறை, பதிய வேண்டியவற்றைப் பட்டியலிடும் பழக்கம் அவ்வறிவுரையை நடைமுறையாக்கும். பிள்ளைகளும் அப்பட்டியலில் ஒன்றைச் சொல்லட்டும்.

இரண்டாவது, சேர்த்து வைக்காதீர்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் மன்னாவை மறுநாளுக்கென்று பதுக்கி வைத்தபோது அது புழுத்து நாறியது. பதினான்கு நாள் கழிந்தவற்றைத் தானே அழித்துவிடுமாறு மென்பொருளுக்குக் கட்டளையிடலாம். நாம் அவ்வாறே செய்துள்ளோம். குடும்பப் படங்கள் மட்டும் தனி இடத்தில் என்றும் இருக்கும்.

மூன்றாவது, வீட்டிலுள்ள இளைஞரிடம் இவ்வேலையைக் கொடுங்கள். மாணவருக்கு இது நல்ல பயிற்சி. ஆனால் பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். இயக்கத் தெரிந்தவர் ஒருவரே என்றால், அவர் வெளியூர் சென்ற அன்றே பெட்டி மௌனமாகிவிடும். இயக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழிதாக எழுதி, தொலைக்காட்சியின் அருகில் ஒட்டி வையுங்கள்.

நான்காவது, அண்டை வீட்டில் படுக்கையில் உள்ளவரை மறவாதீர்கள். 1928-இல் காசநோயாளிகளுக்கென்று எழுந்த மருத்துவமனையால் 'சானடோரியம்' என்று ஒரு இரயில் நிலையத்துக்கே பெயர் அமைந்த ஊர் நம்முடையது. நெடுநாள் படுத்திருப்போரின் தனிமை இவ்வூருக்குப் புதிதன்று. அவர்கள் வீட்டு டிஷ்ஷைச் சரிசெய்து கொடுப்பது நல்லது. கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் அமர்ந்து பேசிவிட்டு வருவது அதனினும் நல்லது.

நம் தாயாரின் அறையில் இன்று மாலையும் எட்டு மணி அடிக்கும். மேல்தட்டில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு பெட்டி காத்திருக்கும். படுக்கையில் அவரும் காத்திருப்பார். பெட்டி எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கவல்லது. அவருக்கு அத்தனை நாள் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே, வாசகர்களே, இதனை இங்கே முடித்துக்கொண்டு எழுகிறோம்.